நினைவைக் காக்கும் நிழற்படத் தொழில்

திருமண வீட்டில் கூடியிருப்போரில் பெரும்பாலோர் விருந்தினர். சிலர் மட்டுமே வேலைக்கு வந்தவர்கள். குருக்கள், நாயனக்காரர், சமையற்காரர், நிழற்படக்காரர் ஆகியோர் அச்சிலருள் அடங்குவர். சோறு குறைந்தால் மீண்டும் உலை வைக்கலாம். நாயனம் பிசகினால் அடுத்த பாட்டில் சரிசெய்து கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்தில் படம் தவறிவிட்டால், மணமகனை மறுபடியும் தாலி கட்டச் சொல்ல இயலாது. நிழற்படத் தொழிலின் அருமையும் கடுமையும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருக்கின்றன.

கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படம் எடுக்கும் இக்காலத்தில், "விசையை அழுத்துவதற்கு இவ்வளவு கூலியா?" என்று நம்மில் சிலர் கேட்கிறோம். தோட்டத்து இளைஞர்கள் சிலரோ, நல்ல கருவி ஒன்றை வாங்கிவிட்டால் உடனே தொழில் தொடங்கிவிடலாம் என்று எண்ணுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. விசையை அழுத்துவது அத்தொழிலின் மிகச் சிறிய பகுதியாகும். அதற்கு முன்னே செய்யவேண்டிய ஆயத்தமும் பின்னே செய்யவேண்டிய பாதுகாப்பும் சேர்ந்ததே முழுத்தொழில். படம் எடுப்பிப்போரும் எடுக்க விரும்புவோரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே விளக்குவோம்.

தங்காக் வட்டாரம்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையை அண்டி அமைந்திருப்பது தங்காக் நகரம். நெடுங்காலம் மூவார் மாவட்டத்துடன் சேர்ந்திருந்த இவ்வட்டாரம் 2008ஆம் ஆண்டில் லேடாங் என்னும் தனி மாவட்டமாயிற்று. பின்னர் அம்மாவட்டத்திற்குத் தங்காக் என்றே பெயர் மாற்றப்பட்டது. சாகில், புக்கிட் கம்பீர் முதலிய ஊர்களையும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களையும் உட்கொண்ட மாவட்டம் இது. மலாக்கா மாநிலத்தின் எல்லையும் அருகிலேயே உள்ளது.

தங்காக் துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். கல்யாணத் துணி எடுக்கவும், பெருநாள்களுக்குப் புத்தாடை வாங்கவும் சுற்று வட்டாரத்தார் இங்கு வருவது வழக்கம். துணி எடுத்தபின் குடும்பத்தார் அடுத்து நாடுவது மண்டபத்தையும் படக்காரரையுமே. ஆகவே, இத்தகைய ஊரில் நிழற்படக் கலைஞர் ஒருவருக்கு இருவகை வேலை உண்டு. திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு போன்ற நிகழ்ச்சிகளைப் படம் எடுப்பது ஒன்று. கடைகளின் பொருள்களை விளம்பரத்திற்காகப் படம் எடுப்பது மற்றொன்று.

பிறர் ஓய்வெடுக்கும் நாளே இவருக்கு வேலைநாள். 2014ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு முடிய ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. அண்டையிலுள்ள மலாக்காவிலோ சனியும் ஞாயிறும் விடுமுறை. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. இதனால் இரு மாநில நிகழ்ச்சிகளும் அதே இரண்டு நாள்களில் வந்து குவிகின்றன. நல்ல முகூர்த்தம் உள்ள ஞாயிற்றுக்கிழமையில் ஒருவரையே பலர் அழைப்பர். புதன்கிழமையில் அவரைத் தேடுவார் அரியர்.

பருவமும் இத்தொழிலை ஆள்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் திருமணம் வைப்பதில்லை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும். மழைக்காலத்தில் சீவல் நின்று வருமானம் குறைவதை நாம் அறிவோம். படக்காரருக்கும் அத்தகைய வறண்ட மாதங்கள் உண்டு. மலாய்க்காரர், சீனர் குடும்பங்களின் நிகழ்ச்சிகளையும் ஏற்று நடத்துவோர் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிக் கொள்கின்றனர். அதற்கு, மலாய்க்காரர் திருமணத்தில் அக்காட் நிக்காவின் பொழுது எங்கே அமரவேண்டும், சீனர் திருமணத்தில் பெரியோருக்குத் தேநீர் வழங்கும் சடங்கு எந்த வரிசையில் நடைபெறும் என்பனவற்றை அவர் கற்றிருக்க வேண்டும்.

முகூர்த்த நாளின் உழைப்பு

காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். படக்காரரின் வேலை முதல் நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. மின்கலங்கள் அனைத்தையும் மின்னேற்ற வேண்டும். நினைவு அட்டைகள் வெறுமையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கருவி ஒன்று பழுதானால் கைகொடுக்க இரண்டாவது கருவி இருக்க வேண்டும். ஒரே கருவியுடன் திருமணத்திற்குச் செல்வது, மாற்றுச் சக்கரம் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குச் சமம்.

விடியற்காலை நான்கு மணிக்கு அவர் எழுகிறார். பிரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு அந்நேரம் புதிதன்று. பெண் வீட்டில் அலங்காரம் முடியுமுன் அங்கே இருக்க வேண்டும். பிறகு கோயிலுக்கு மணமக்களுக்கு முன்னதாகவே சென்று சேர வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, வெயில் எந்தப் பக்கம் ஏறும், மணவறையின் தூண் எதை மறைக்கும் என்று பார்த்து வைக்க வேண்டும். மூலவரைப் படம் எடுக்கக்கூடாது என்பது பல கோயில்களின் வழக்கம். குருக்களிடம் முன்கூட்டியே கேட்டு நடப்பது முறையாகும்.

சடங்கின் வரிசை அவருக்கு மனப்பாடமாக இருத்தல் வேண்டும். காப்புக் கட்டுதல், கன்னிகாதானம், கூறைப்புடவை கொடுத்தல், தாலி கட்டுதல், அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் என ஒன்றன்பின் ஒன்றாக வருவனவற்றை எதிர்பார்த்து நிற்க வேண்டும். தெலுங்கு, மலையாளக் குடும்பங்களில் முறை வேறுபடும். அதனையும் கேட்டு அறிந்திருக்க வேண்டும். கெட்டிமேளம் முழங்கியதும் கூட்டம் முழுவதும் எழுந்து அட்சதை தூவும். கைப்பேசிகள் அனைத்தும் உயரும். அந்தச் சில விநாடிகளில் இடம் தேடிப் பயனில்லை. தேர்ந்த படக்காரர் மேளம் முழங்குவதற்கு முன்பே தம் இடத்தில் காலூன்றி நிற்பார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அவர் உறவுமுறைகளை அறிந்திருக்க வேண்டும். மணமகளை வளர்த்த அப்பாயி யார், கோலாலம்பூரிலிருந்து வந்த தாய்மாமன் யார் என்பது வெளியாளுக்குத் தெரியாது. ஆகையால் குடும்பப் பெரியவர் ஒருவரை உடன் நிறுத்தித் தரும்படி அவர் கேட்டுக்கொள்வார். அழகிய படங்கள் ஐந்நூறு இருந்தும், அவற்றுள் அப்பாயியின் முகம் ஒன்றிலும் இல்லையென்றால் அக்குடும்பத்தாருக்கு மனம் நிறையாது.

அன்று மாலை மண்டபத்தில் விருந்துபசாரம் இருந்தால், இரவு பதினொரு மணிக்குத்தான் அவர் வீடு திரும்புவார். திரும்பியதும் உறங்கச் செல்வதில்லை. அட்டையிலுள்ள படங்களைக் கணினியிலும் வேறொரு சேமிப்புக் கருவியிலும் பிரதி எடுத்த பிறகே அவருடைய நாள் முடிவடைகிறது.

ஒளியை அளக்கும் கலை

மரம் சீவுவோர் ஒரு நுட்பத்தை அறிவர். கத்தி மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். சற்று ஆழமாகச் சென்றால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். ஒளியை அளப்பதும் இதனை ஒத்த வேலையே. கருவிக்குள் ஒளி குறைவாகப் புகுந்தால் படம் இருண்டுவிடும். மிகுதியாகப் புகுந்தால் வெண்மையில் விவரங்கள் அழிந்துவிடும்.

இதனைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வில்லையின் துவாரம். அதனை விரித்தால் ஒளி மிகுதியாக வரும். ஆனால் ஒருவர் முகம் மட்டும் தெளிவாக, பின்னால் நிற்போர் மங்கலாகத் தெரிவர். இரண்டாவது, திரை திறந்திருக்கும் நேரம். ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், தூவப்படும் அட்சதை கோடுகளாக விழும். ஐந்நூறில் ஒரு பங்கு என்றால், ஒவ்வொரு மணியும் வானில் நிற்பதுபோல் தெரியும். மூன்றாவது, ஒளியை உணரும் திறன். அதனைக் கூட்டினால் இருட்டிலும் படம் எடுக்கலாம். ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதால், இரவில் நடைபெறும் தீமிதியைப் படம் எடுப்பவர் இம்மூன்றையும் கணப்பொழுதில் நிறுத்துப் பார்க்கிறார்.

கருவி தானாகவே அளந்துகொள்ளாதா என்று கேட்கலாம். அளக்கும், ஆயினும் அது எதிரே உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளக்கிறது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் காட்சியை நிரப்பினால், கருவி அவற்றைச் சாம்பலாக்க முயன்று ஒளியைக் குறைக்கும். அப்போது கரிய முகங்கள் மேலும் இருண்டுவிடும். நம்மவர் பலருடைய பழைய படங்களில் முகத்தைவிடச் சட்டை தெளிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. வண்ணப் படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. 'ஷர்லி அட்டை' என்று வழங்கிய அதன் தோல் நிறத்திற்கு ஏற்பவே எல்லாரின் படங்களும் அளவிடப்பட்டன. பல இனப் பெண்களின் முகங்களைக் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. எனவே, நம் முகங்களின் நிறத்தை உள்ளவாறு காட்டக் கற்றிருப்பது, நம்மிடையே தொழில் செய்யும் படக்காரருக்கு இன்றியமையாத தகுதியாகும்.

இருட்டறையிலிருந்து கணினிக்கு

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளியின் உப்புகள் ஒளி பட்டதும் கருமையடையும் தன்மையே அதற்கு அடிப்படை. படச்சுருளிலும் அச்சுத்தாளிலும் அவ்வெள்ளி உப்பே பூசப்பட்டிருந்தது. சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் தாளை உருத்துலக்கும் நீரில் அமிழ்த்தினால் உருவம் மெல்லத் தோன்றும். உரிய நேரத்தில் அவ்வேலையை நிறுத்துவதற்கு, அசெட்டிக் அமிலம் கலந்த நீரில் அத்தாளைப் போடுவர். ரப்பர்ப் பாலை உறையவைக்க நாம் பயன்படுத்தும் பார்மிக் அமிலத்தின் நெருங்கிய உறவு அது. ரப்பர்த் தொழிலிலும் அசெட்டிக் அமிலம் பயன்பட்டதுண்டு. அமிலத்தின் அளவும் நேரமும் தப்பினால் என்னவாகும் என்பதை ரப்பர் ஆலையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அக்காலத்துப் பெரிய சுருளில் சதுரப் படங்கள் பன்னிரண்டே அடங்கும். சிறிய சுருளில் முப்பத்தாறு. எடுத்த படம் எப்படி அமைந்தது என்பதைக் கழுவிய பின்னரே காண முடியும். ஆகவே, பழைய படக்காரர்கள் எண்ணி எண்ணி விசையை அழுத்தினர். எட்டணா மிச்சத்திற்காக அன்று. பதின்மூன்றாவது படத்திற்காகச் சுருளை மாற்றும் வேளையில் தாலி கட்டி முடிந்துவிடுமே என்ற அச்சத்தினால்.

1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன், சுருள் இல்லாத மின்னியல் கருவி ஒன்றை அமைத்தார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடி பிடித்தது. அப்படத்தில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. அம்முறை வளர்ந்து உலகெங்கும் பரவியது. அதனைக் கண்டுபிடித்த கோடாக் நிறுவனமே படச்சுருள் விற்பனை சரிந்ததால் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பைக் கோரி நீதிமன்றம் சென்றது.

சிறு நகரப் படக்கடைகளையும் இம்மாற்றம் தாக்கியது. கழுவி அச்சிடும் வேலை குறைந்தது. அடையாள அட்டைக்கான படத்தைத் தேசியப் பதிவிலாகாவின் முகப்பிலேயே எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. கடையில் அமர்ந்து வாடிக்கையாளரை எதிர்பார்த்த காலம் போய், நிகழ்ச்சி நடக்கும் இடத்திற்குச் சென்று உழைக்கும் காலம் வந்துள்ளது.

கடைக்காரருக்கு எடுக்கும் படம்

நிகழ்ச்சி இல்லாத வாரநாள்களில் விளம்பரப் படங்கள் கைகொடுக்கின்றன. தங்காக் போன்ற துணிக்கடை ஊரில் இதற்கு வாய்ப்பு உண்டு. இணையத்தின் வழியாகச் சேலை விற்கும் கடைக்குத் துணியின் நிறம் உள்ளபடியே தெரியவேண்டும். வெயிலின் ஒளியில் நீலம் கலந்திருக்கும். பழைய குமிழ் விளக்கின் ஒளியில் மஞ்சள் மிகுந்திருக்கும். நம் கண் அதனைத் தானே சரிசெய்து கொள்ளும். கருவிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். சாம்பல் அட்டை ஒன்றை முதலில் படம் எடுத்து, அதனை அளவாகக் கொண்டு நிறத்தைச் சீர்செய்வர். இதனைச் செய்யாமல் விட்டால், அரக்கு நிறச் சேலை செந்நிறமாகத் தெரியும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார். கடைக்காரர் மறுமுறை அப்படக்காரரை அழைக்கமாட்டார்.

வருமானக் கணக்கு

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். ஒரு திருமணத்திற்கு 2,000 வெள்ளி பேசினார் என்று வைத்துக்கொள்வோம். துணையாளுக்கு 300 வெள்ளி, ஆல்பம் அச்சிட 500 வெள்ளி, பெட்ரோலுக்கும் சாலைக் கட்டணத்திற்கும் 50 வெள்ளி, கருவித் தேய்மானத்திற்கு 250 வெள்ளி போக, மிஞ்சுவது 900 வெள்ளி.

இனி, உழைத்த நேரம். முன்சந்திப்பு 3 மணி, திருமண நாள் 10 மணி, படங்களைப் பிரித்தெடுத்தல் 6 மணி, ஒளியும் நிறமும் சீர்செய்தல் 18 மணி, ஆல்பம் வடிவமைத்தல் 8 மணி. ஆக 45 மணி நேரம். மணிக்கு 20 வெள்ளி என்று அமைகிறது. ஆண்டில் இத்தகைய திருமணங்கள் இருபது கிடைத்தால் மொத்தம் 18,000 வெள்ளி. மாதத்திற்கு 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியைவிட இது குறைவு. முப்பது திருமணங்கள் கிடைத்தால் மாதத்திற்கு 2,250 வெள்ளி.

இதனால், வெறும் திருமணங்களை மட்டும் நம்பித் தோட்ட வேலையை விடுவது அறிவுடைமையாகாது என்பது புலப்படும். பள்ளி நிகழ்ச்சி, கோயில் விழா, கடை விளம்பரம் ஆகியவற்றையும் சேர்த்து ஓராண்டு வேலை கையில் வரும்வரை, விடுமுறை நாள்களில் மூத்த கலைஞர் ஒருவருக்குத் துணையாளாகச் சென்று பழகுவதே நல்ல வழி. கருவியைத் தவணையில் வாங்கிவிட்டுப் பிறகு வேலை தேடுவோர் வட்டிக்கு உழைக்க நேரிடும்.

தொழில் தொடங்குவோர், தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கு முதலாளி சேமநிதி கட்டமாட்டார். தாமே முன்வந்து கட்டுவதற்குச் சேமநிதி வாரியத்தில் வழியுண்டு. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, சுயதொழில் செய்வோரும் சொக்சோ பாதுகாப்பைப் பெறலாம். இரவில் களைத்த கண்ணோடு வண்டி ஓட்டித் திரும்பும் தொழிலில் இப்பாதுகாப்பு ஆடம்பரமன்று.

பெண்களுக்கும் உரிய தொழில்

இத்தொழில் ஆண்களுக்கு மட்டுமே என்று எண்ணுதல் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்மிக்க இந்தியப் படக்கலைஞர் லாலா தீன் தயாள் (1844–1905). இந்தூரில் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த அவர், படத் தொழிலில் தேர்ச்சி பெற்றபின் அவ்வேலையை விட்டு, ஹைதராபாத் நிஜாமின் அரண்மனைப் படக்கலைஞரானார். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண்களின் எதிரே வரமாட்டார்கள் என்பதை உணர்ந்து, 1892ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே தனிக் கூடம் திறந்து அங்குப் பெண் ஒருவரையே படம் எடுக்க அமர்த்தினார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்கலைஞராகப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா (1913–2012) 2011ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது பெற்றார். இன்றும் மணமகளின் அலங்கார அறையில் பெண் படக்காரரே இருப்பதைப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு இது தக்க வாய்ப்பாகும்.

நம் ஜொகூரிலும் முன்மாதிரி உண்டு. இலங்கையிலிருந்து வந்து ஜொகூர் அரண்மனை ஓவியராக விளங்கியவர் ஓ. டோன் பெரிஸ். அவருடைய மகன் எரிக் பெரிஸ் நிழற்படக் கலையை மேற்கொண்டு, 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் படப் பிரிவுக்குப் பொறுப்பேற்கும் நிலைக்கு உயர்ந்தார்.

எழுத்தில் வேண்டும் உடன்பாடு

முன்பணம் வாங்கிக்கொண்டு உரிய நாளில் வராதவர்களையும், பிள்ளை பிறந்த பின்னும் திருமண ஆல்பத்தைத் தராதவர்களையும் பற்றிய மனக்குறைகள் நம்மிடையே அவ்வப்போது எழுகின்றன. பேசிய தொகை முழுவதையும் தராமல் இழுத்தடிக்கும் குடும்பங்களைப் பற்றிப் படக்காரர்களும் குறைபட்டுக்கொள்வதுண்டு. இரு தரத்தாரையும் காப்பது ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்ட உடன்பாடுதான். நாள், நேரம், இடம், தொகை, முன்பணம், படங்களின் எண்ணிக்கை, ஆல்பம் தரும் நாள், படக்காரர் நோயுற்றால் யார் வருவார் என்பன அதில் இருத்தல் வேண்டும். முன்பணத்திற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறத்தலாகாது.

அப்படியும் ஏமாற்றப்பட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த அம்மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

படங்களின் உரிமை பற்றியும் ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், பணித்தவரையே சாரும். ஆகவே, உங்கள் வீட்டுத் திருமணப் படத்தைப் படக்காரர் தம் விளம்பரத்தில் வெளியிட விரும்பினால், உங்கள் இசைவைப் பெறுவது முறை.

இன்னொன்றையும் நினைவிற்கொள்வோம். திருமணப் படம் நினைவுக்குத் துணை. சட்டத்திற்குச் சான்று ஆகாது. 1982 மார்ச் முதல் நாளில் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஆல்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பதிவுச் சான்றிதழின் இடத்தை அது பெறாது.

படங்களைக் காப்போம்

1948ஆம் ஆண்டில் அவசரகாலத்தின்போது, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வழங்கப்பட்டது. நம் மூத்தோர் பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற்படமாக இருந்திருக்கக்கூடும். அதற்கு முன், 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் – பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரை எண்ணிப் பாருங்கள். அவர்களில் மாண்டோர் பலருடைய முகம் எந்தத் தாளிலும் இல்லை; பேரப்பிள்ளைகள் பெயரை மட்டுமே அறிவர். படம் என்பது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று இனியும் எண்ணுதல் ஆகாது.

1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. பின்னர் பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. லயமும் கோயிலும் இருந்த இடத்தை அறிவதற்குப் பழைய திருவிழாப் படம் ஒன்றே சான்றாக நிற்கும் குடும்பங்கள் உள்ளன. தோட்டக் கோயிலின் திருவிழாவைப் படம் எடுத்தவர், தம்மை அறியாமலே அத்தோட்டத்தின் வரலாற்றையும் எடுத்திருக்கிறார்.

எடுத்ததைக் காப்பது நம் பொறுப்பு. தீன் தயாளின் கண்ணாடிப் படத்தகடுகள் 2,800க்கும் மேற்பட்டவை புது டில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இன்றும் இருக்கின்றன; அவை எண்ணிட்டுப் பேணப்பட்டதே அதற்குக் காரணம். 2011ஆம் ஆண்டு ஜப்பானைக் கடல்கோள் தாக்கியபின், சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் திரட்டிக் கழுவி உரியவர்களிடம் சேர்க்கும் பணியில் பூஜிபிலிம் நிறுவனம் ஈடுபட்டது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருகிய வெள்ளத்தில் வீட்டுப் பொருள்களோடு ஆல்பங்களையும் இழந்தோர்க்கு அப்பணியின் அருமை விளங்கும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை:

படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர்கள், ஆண்டு, தோட்டம், டிவிஷன் ஆகியவற்றை எழுதுக. பேனாவால் அழுத்தி எழுதினால் மறுபுறம் தடம் விழும்.

1970களிலும் 1980களிலும் விற்ற, பசைத்தாளில் ஒட்டும் ஆல்பங்களில் உள்ள படங்களைக் கவனமாகப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைக்க. அப்பசை நாளடைவில் மஞ்சளாகிப் படத்தைக் கெடுக்கும்.

ஈரம் படத்திற்கும் கருவிக்கும் பகை. மலையடிவார ஊர்களில் பூஞ்சணம் எளிதில் பற்றும். மூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைக்க.

கைப்பேசியில் மட்டும் உள்ள படம் பாதி தொலைந்த படமே. மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டும் வைக்க.

கோயில் விழா, பள்ளி விழாப் படங்களின் பிரதியை ஆலய நிருவாகத்திடமும் தமிழ்ப்பள்ளியிடமும் ஒப்படைக்க.

அடுத்த முறை உங்கள் இல்லத்தில் நல்ல காரியம் நடைபெறும்போது, படக்காரரை உரிய காலத்தில் பேசி அமர்த்துங்கள், உடன்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள், பந்தியில் அவருக்கும் நேரத்தோடு இலை போடுங்கள். வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே பழைய படங்களை எடுத்து வைத்து, அவற்றில் உள்ளோர் யார் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த வேலைக்குக் கருவி தேவையில்லை. ஒரு பென்சில் போதும். அதனை இந்த வாரமே தொடங்குவோமாக.